டோக்கன் கேட்ட மைதானம்

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு அடையாளம் உண்டு. ஒன்று பெயர். இன்னொன்று அப்பாவின் டோக்கன் நம்பர். ஆஸ்பத்திரிக்கு மருந்துக்குப் போனாலும், அரிசி வாங்கப் போனாலும், பள்ளிக்கூடத்தில் சேரப் போனாலும் முதலில் கேட்பது நம்பரைத்தான். பெயரைப் பிறகு கேட்பார்கள். சில இடங்களில் கேட்கவே மாட்டார்கள். சின்ன வயதில் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். எங்கேயாவது தொலைந்துபோனால் அழுதுகொண்டு நிற்காதே, நம்பரைச் சொல், யாராவது வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்பாள்.

டோக்கன் என்பது நம்பர் வெட்டிய ஒரு பித்தளை வில்லை. அப்பா அதை இடுப்புக் கயிற்றில் கோத்திருப்பார். சுரங்கத்துக்குள் இறங்கும்போது ஷாஃப்ட் என்கிற ஆழக்குழியின் பக்கத்து ஜன்னலில் அதைக் கொடுத்துவிட்டு, ஆட்களை இறக்கும் கேஜில் ஏற வேண்டும். மேலே வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஷிஃப்ட் முடிந்த பிறகும் ஜன்னலில் ஒரு வில்லை மிச்சம் இருந்தால் ஒருவர் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். ஆளை விட வில்லைக்கு மரியாதை அதிகம் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு அந்தச் சிரிப்பு இப்போது நினைத்தாலும் பிடிக்கவில்லை.

வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து சர்க்கார் சுரங்கத்தை எடுத்துக்கொண்டபோது நான் தாவணி போடாத வயதில் இருந்தேன். துரைமார்கள் ஒவ்வொரு குடும்பமாக மூட்டை கட்டினார்கள். அவர்கள் டென்னிஸ் ஆடிய மைதானம், ஓடு வேய்ந்த கிளப், அதைச் சுற்றி வளர்ந்த சவுக்கு மரங்கள் எல்லாம் அப்படியே நின்றன. ஒரு நாள் அதிகாரி ஒருவர் மேடை போட்டுப் பேசினார். விளையாட்டு பணக்காரனின் பொழுதுபோக்கு அல்ல, உழைக்கிறவன் வீட்டுப் பிள்ளைக்கும் அதில் உரிமை உண்டு, இனி இந்த மைதானம் உங்களுடையது என்றார். கை தட்டினோம். அவர் மனதாரத்தான் பேசியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மறுநாள் வாசலில் மாட்டிய போர்டில் தொழிலாளரும் அவர் குடும்பத்தாரும் மட்டும் என்று எழுதியிருந்தது. பஜார் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வழக்கம்போல வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்கள். நாங்கள் வாசல் வாட்ச்மேனிடம் நம்பரைச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினோம். உரிமை எங்களுக்கு வந்தது என்று நினைத்துக்கொண்டோம். அது வந்தது வில்லைக்கு.

உள்ளே பெண் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ரிங் ஆட்டம். டென்னிகாய்ட் என்று எங்கள் டிரில் டீச்சர் சொல்வார். எங்கள் வாயில் அது ரிங்தான். வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஒரு ரப்பர் வளையத்தை வீசி வீசிப் பிடிக்க வேண்டும். ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும், பிடித்த கையாலேயே உடனே வீச வேண்டும், கையில் வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. யோசிக்கக் கூடாது என்கிற விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டில் தண்ணீர் பிடிப்பதில் இருந்து தம்பி இல்லாத குறை வரைக்கும் எல்லாவற்றையும் யோசித்து யோசித்துச் செய்கிற அம்மாவோடு இருந்த எனக்கு அந்த ஒரு மணி நேரம் சொர்க்கமாக இருந்தது. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலில் ஆடுவேன். பெண்ணுக்கு இன்னாத்துக்கு இந்தக் குதியாட்டம் என்று லைனில் பேசாதவர்கள் இல்லை. டீச்சர் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, மரியாதை விகுதியே தெரியாத தமிழில் அவர்கள் எல்லோரையும் ஒரே போடாகப் போட்டு வாயை அடைப்பார்.

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் அந்த மைதானத்துக்கும் பழைய கணக்கு ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால், சுரங்கத்தில் இறங்குவதற்கும் முன்னால், அவர் அங்கே ரோலர் இழுத்தவர். துரைமார் ஆடுவதற்கு முன் தரையில் தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ரோலரைப் பிடித்துக்கொண்டு எத்தனை தரம் வேண்டுமானாலும் அந்தத் தரையில் நடக்கலாம். ரோலர் இல்லாமல் கால் வைத்தால் அன்றோடு வேலை போச்சு. மகள் அதே தரையில் குதித்து ஆடுவதை அவர் பகல் ஷிஃப்ட் முடித்துவிட்டு வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். அவருக்கு உள்ளே வர உரிமை இருந்தது. ஆனாலும் வெளியேதான் நிற்பார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று.

"வலது மூலைல தரை கொஞ்சம் எறங்கும்மா. அங்க பார்த்து நில்லு."

மைதானத்தையே எனக்கு எழுதிவைத்துவிட்டுப் போகிறவர் மாதிரி அதைச் சொன்னார்.

அப்போதெல்லாம் ஆட்டத்தின் நடுவில் தரை அதிரும். கீழே எங்கேயோ பாறை தானாக வெடித்து நொறுங்குவதை ஏர் பிளாஸ்ட் என்போம். கிளப்பின் கண்ணாடி ஜன்னல் கடகடவென்று ஆடும். ரிங் யார் கையில் இருக்கிறதோ அவள் அப்படியே நிற்பாள். எதிர்ப்பக்கம் ஆடுகிறவளும் நிற்பாள். எல்லோரும் ஷாஃப்ட் மேலே இருக்கிற பெரிய சக்கரத்தைப் பார்ப்போம். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் கேஜ் ஓடுகிறது, ஆட்கள் மேலே வருகிறார்கள். நின்றுவிட்டால் ரிங்கைப் போட்டுவிட்டு எல்லோரும் ஷாஃப்டைப் பார்த்து ஓடுவோம். எந்த ஊர் மைதானத்திலும் இந்த விதி இருக்காது. டீச்சர் அப்படி நின்ற ஆட்டத்துக்குப் புள்ளி கொடுக்க மாட்டார், நிறுத்தின இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்வார்.

இரட்டையர் ஆட்டத்தில் எனக்கு ஜோடியாக ஆடினவள் ஸ்கெலட்டன் என்கிற பக்கத்து லைனில் இருந்த பெண். என்னை விட நன்றாக ஆடுவாள். அவள் வீசினால் ரிங் வலைக்கு மேல் ஒரு விரல் உயரத்தில் போய் இறங்கும். ஒரு சாயங்காலம் நாங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது கிளப் கிளார்க் வந்து அவளைத் தனியே கூப்பிட்டார். அவளுடைய அப்பாவுக்கு மார்பில் தூசி ஏறிவிட்டது, மெடிக்கலில் அன்ஃபிட் ஆகிவிட்டார், டோக்கனை ஒப்படைத்துவிட்டார். இனி அவர் தொழிலாளர் இல்லை. அதனால் அவள் தொழிலாளர் குடும்பமும் இல்லை. கிளார்க் கெட்டவர் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். அவள் என் கையில் ரிங்கைக் கொடுத்தாள். ஆட்டத்தில் ரிங்கை அப்படிக் கையில் கொடுக்கிற வழக்கமே கிடையாது, வீசித்தான் பழக்கம். அதனால் எனக்கு அதை எப்படி வாங்குவது என்று தெரியாமல் இரண்டு கையையும் நீட்டினேன்.

அவள் வேலிக்கு வெளியே போகும்போது அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு நடக்கும்போது என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும் இருமினார். எங்கள் லைனில் இருமாத அப்பாவே கிடையாது, அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் பெங்களூரில் நடக்கிற பெரிய போட்டிக்கு எங்கள் மைதானத்திலிருந்து ஆட்களை அனுப்பப் போவதாக டீச்சர் சொன்னார். தனி ஆட்டத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் அதுவரை பங்காருப்பேட்டையைத் தாண்டிப் போனதில்லை. அம்மா பழைய சீலை ஒன்றைக் கிழித்து எனக்குப் பாவாடை தைக்க ஆரம்பித்தாள். அதே மாதத்தில் அப்பாவின் ஷிஃப்டுக்கு மெடிக்கல் வந்தது. கீழே இறங்குகிறவர்களைக் கூப்பிட்டு மார்பைப் படம் எடுப்பார்கள். படத்தில் தூசி தெரிந்தால் அன்ஃபிட். அன்ஃபிட் என்கிற சொல்லை எங்கள் பெண்கள் சாவுச் செய்தி மாதிரி குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். வேலை போகும், வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். தூசிக்கென்று கொஞ்சம் நஷ்ட ஈடு கிடைக்கும், அது மட்டும்தான் ஆறுதல்.

அப்பா ஃபிட் என்று வந்துவிட்டது. சாயங்காலம் வரும்போது பஜாரிலிருந்து ஒரு பொட்டலம் காராபூந்தி வாங்கிவந்தார். பக்கத்து வீட்டு மாமாவும் கூட வந்தார். அவர் மேலே மர யார்டில் வேலை செய்கிறவர், கீழே இறங்காதவர், உடம்பு அப்பாவைப் போலவே இருக்கும். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து பூந்தி தின்றார்கள். அம்மா தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு எப்போதும் ஏதாவது ஒரு விரதம் இருக்கும். அதனால் நான் அவள் பங்கையும் சேர்த்துத் தின்றேன்.

எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். அப்பா லீவு போட முடியாது என்று சொல்லியிருந்தார், ஆனால் ஷிஃப்டுக்குப் போகும் வழியில் பிளாட்பாரத்துக்கு வந்தார். ரயில் நகர்ந்த பிறகு கை அசைத்தார். பெங்களூரில் தரை புல் போட்டு மெத்தென்று இருந்தது, எனக்கு அதில் கால் பிடிக்கவே முதல் நாள் முழுவதும் ஆகிவிட்டது. இரண்டாம் நாளிலிருந்து பிடித்தது. கடைசி ஆட்டத்தில் எதிரே நின்றவள் வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டிருந்தாள், நான் என் காலைப் பார்க்காமல் அவள் ஷூவையே பார்த்துக்கொண்டு ஆடினேன். ஜெயித்தேன். கோப்பை கிளப்பின் கண்ணாடி அலமாரிக்குப் போனது. எனக்கென்று கொடுத்தது ஒரு எவர்சில்வர் டம்ளர். அப்பா அன்றிலிருந்து காபி, தண்ணீர், கஞ்சி எல்லாவற்றையும் அந்த டம்ளரில்தான் குடித்தார். வேறு டம்ளரில் கொடுத்தால் மாற்றிக்கொண்டு வரச் சொல்வார்.

வருஷம் திரும்பவில்லை. அப்பா ஒரு நாள் ஷிஃப்டிலிருந்து வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மூச்சு வாங்கியது. இருமினால் டம்ளரில் ரத்தம் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், மறுபடி படம் எடுத்தார்கள். மார்பு முழுக்க வெள்ளையாக இருந்தது. டாக்டர் போன வருஷத்துப் படத்தையும் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போன வருஷத்து மார்பு குழந்தையின் மார்பு மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரே வருஷத்தில் சுரங்கத் தூசி இவ்வளவு ஏறாது, இது தூசி இல்லை, காசம் என்று எழுதினார். அவர் பார்த்ததை வைத்து அவர் எழுதினார். அதில் தப்புச் சொல்ல முடியாது. காசம் யாருக்கும் வரும் நோய், அதற்குச் சுரங்கம் பொறுப்பு இல்லை, நஷ்ட ஈடும் கிடையாது. அப்பாவைக் கோடியில் இருந்த காச வார்டில் போட்டார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு மனிதனின் மார்பு எப்படி ஒரு வருஷத்தில் இப்படி ஆகும்? அம்மாவைக் கேட்டால் அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டிருப்பாள். பார்வையாளர் நேரத்தில் பக்கத்து வீட்டு மாமா வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் நின்றிருந்தேன். அவர் அப்பாவின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மச்சான், நான் போய் ஆபீசுல சொல்லிடறேன். அன்னிக்கு படத்துக்கு நின்னது நான்தான்னு சொல்லிடறேன். இன்னா பண்ணுவாங்க, வேலைய எடுப்பாங்க. எடுத்துக்கட்டும்."

படம் எடுக்கிற அறையில் டோக்கனை நீட்டினால் நம்பரை எழுதிக்கொண்டு உள்ளே அனுப்புவார்கள். முகத்தை யார் பார்த்தார்கள்? அப்பாவின் வில்லையை இடுப்பில் கட்டிக்கொண்டு தூசியே படாத மாமா போய் நின்றிருக்கிறார். வில்லை அப்பாவுடையது, மார்பு மாமாவுடையது. லைனில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டும்தான் அப்படி ஒரு யோசனை வரும். எங்கே போனாலும் நம்பர்தான் மனிதன் என்று பழகிப்போன இரண்டு பேர், அந்தப் பழக்கத்தையே நம்பி ஏமாந்தார்கள்.

அப்பா அவ்வளவு மூச்சுத் திணறலிலும் தலையை ஆட்டினார்.

"உன் வேலை போனா உன் புள்ளைங்க டோக்கனும் போயிடும்டா. ஒரு ஊடு போனது போதும். வாயத் தொறக்காத."

மாமா வாயைத் திறக்கவில்லை. அதற்காக நான் அவரை வெறுத்தேன் என்று சொன்னால் அது பொய். அவருக்கும் மூன்று பெண்கள் இருந்தார்கள், அதில் இரண்டாவது பெண் எங்கள் மைதானத்தில் ரிங் ஆடக் கற்றுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவைக் கேட்டேன். வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே இதைச் செய்தார் என்றேன். அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் மலையாகக் குவிந்த சயனைட் மேட்டைப் பார்த்துக்கொண்டே அம்மா நடந்தாள். காற்றில் அந்தச் சாம்பல் நிற மண் பறந்து வந்து எங்கள் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது.

"ஊடு போனா குடியாத்தத்துல என் அண்ணன் ஊட்டுக்குப் போயிக்கலாம்னு நான் சொன்னேன். உங்கப்பாதான் கேக்கல. பொண்ணு பேரை அடிச்சிடுவாங்க, இந்த ஒரு வருசம் ஆடிட்டு வரட்டும், அடுத்த மெடிக்கலுக்கு நானே போய் நிக்கறேன்னாரு."

நான் அப்படியே ரோட்டில் நின்றுவிட்டேன். அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை, ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஒரு ஆட்டத்துக்காக ஒரு மனிதர் தன் மூச்சைக் கொடுத்தார் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு எப்படி வீட்டுக்குப் போய் சோறு தின்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆடட்டும் என்று அவர் நினைத்ததில் என்ன பெரிய ஆசை இருக்கிறது? மகள் கொஞ்சம் குதித்து விளையாட வேண்டும் என்பது எல்லா அப்பாவுக்கும் இருக்கிற ஆசைதான். மற்ற ஊர்களில் அதற்கு ஒரு தெருவும் கொஞ்சம் நேரமும் இருந்தால் போதும். எங்கள் ஊரில் அதற்கு நுரையீரல் தேவைப்பட்டது. இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு அழுகையை விடக் கோபம்தான் முதலில் வருகிறது.

நான் அதை அறிந்துகொண்டேன் என்று அப்பாவுக்குத் தெரியாது. அடுத்த நாள் போனபோது ஆட்டமெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை டோக்கன் இருந்தது, அதனால் என் பெயரும் மைதானத்தில் இருந்தது. நான் மைதானம் பக்கமே போகவில்லை. ஆனால் நன்றாக ஆடுகிறேன் என்று சொன்னேன். வலது மூலையைப் பார்த்துக்கொள்கிறாயா என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்தது. டம்ளரில் வெந்நீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தார். அந்த வாரமே போய்விட்டார்.

டோக்கனைத் திருப்பிக் கொடுக்க அம்மாவும் நானும் போனோம். ஜன்னலில் இருந்தவர் அதை வாங்கி ஆணியில் மாட்டினார். கொஞ்ச நாளில் வேறு யாருக்காவது அதைக் கொடுப்பார்கள். லைன் வீட்டைக் காலி செய்தோம். குடியாத்தத்துக்குப் போகவில்லை. அப்பாவைப் புதைத்த ஊரை விட்டு வர மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். பஜாருக்குப் பின்னால் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து அம்மா இட்லி சுட்டு விற்றாள், நான் தையல் மெஷின் மிதித்தேன். இப்போது நாங்களும் வேலிக்கு வெளியே நிற்கிற பஜார் ஆட்கள். டீச்சர் ஒரு முறை வந்து, கிளார்க்கிடம் பேசிப் பார்க்கிறேன், வந்து ஆடு என்று கூப்பிட்டார். எனக்குக் கை வரவில்லை டீச்சர் என்றேன். அவர் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

சில வருஷங்கள் போயின. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் பஜார் முழுக்கத் தண்டோரா போட்டார்கள். மைதானம் இனி எல்லோருக்கும், எந்த வீட்டுப் பிள்ளையும் வந்து ஆடலாம், திறப்பு விழாவுக்கு எல்லோரும் வாருங்கள் என்றார்கள். நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அம்மா இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டே, போய்ப் பார்த்துட்டு வா, உங்கப்பா ரோலர் இழுத்த தரை என்றாள். போனேன். மேடையில் ஒருவர் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். விளையாட்டு ஒவ்வொரு குடிமகனின் உரிமை என்கிற மாதிரி பேசினார். பல வருஷங்களுக்கு முன் கேட்ட அதே பேச்சு, மொழி மட்டும் வேறு. பஜார் பிள்ளைகள் வாசல் வழியாகக் கூட்டமாக ஓடினார்கள். அதில் செருப்பில்லாத பெண் பிள்ளைகளும் இருந்தார்கள்.

வாசலில் அதே பழைய வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார், தெலுங்குக்காரர். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தார். நான் வாசலுக்கு வந்ததும் என் வாய் தானாக அப்பாவின் நம்பரைச் சொன்னது. சின்ன வயதிலிருந்து அந்த இடத்தில் அதைச் சொல்லாமல் நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை.

"அதெல்லாம் இப்போ வேணாம்மா. யாரு வேணா போலாம், போ."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பேச்சு முடிந்து மேடையில் கை தட்டினார்கள். நான் பழைய போர்டு இருந்த இடத்தைப் பார்த்தேன். அதே பலகைதான். எழுத்தை அழித்து மேலே வேறு பெயின்ட் அடித்து எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான் வேலை. அரை நாள் வேலைகூட இருக்காது. நான் உள்ளே போகவில்லை. அதை அந்த மெடிக்கலுக்கு முன்னால் எழுதியிருந்தால் என் அப்பா தன் படத்துக்குத் தானே போய் நின்றிருப்பார்.